ஆர்வியை நிறுத்திவிட்டு, துடுப்பும் சைக்கிளும்: ஃப்ளோரிடாவில் எங்கள் குளிர்காலம்

குளிர்காலத்துக்கு ஆர்வியோடு, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள பயண வீட்டு வண்டியோடு, ஃப்ளோரிடா போகிறோம் என்றால் நண்பர்கள் முதலில் கேட்பது, "எந்தெந்த ஊர் பார்ப்பீர்கள்?" என்றுதான். எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா, வித்லகூச்சி ஆறு என்று முக்கியமாக இரண்டே இடம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். இவ்வளவு தூரம் போய் இரண்டு இடமா என்பார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. நல்ல தண்ணீருக்கும் நல்ல சைக்கிள் பாதைக்கும் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி வைக்கத்தான் ஆர்வி. ஊர் சுற்றத் துடுப்பும் பெடலும் இருக்கின்றன.

இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாறுகிறவர்களை முகாம்களில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காலையில் மின்கம்பியைக் கழற்றி, தண்ணீர்க் குழாயைச் சுருட்டி, கழிவைக் கொட்டி, அடுத்த இடத்தில் கட்டையை வைத்து வண்டியை மட்டப்படுத்தி, மறுபடி எல்லாவற்றையும் மாட்டி முடிக்கும்போது மதியம் போய்விடுகிறது. வண்டியின் முதுகில் கட்டிய சைக்கிள்கள் கட்டியபடியே ஊர் திரும்புகின்றன. பொதுவாக ஃப்ளோரிடாவின் மாநிலப் பூங்காக்களிலும் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவிலும் ஒரே மூச்சில் 14 நாள்தான் தங்க விடுவார்கள். அந்த வரம்பு முழுவதையும் பயன்படுத்துவது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

எங்களுடையது பிக்கப் டிரக் இழுக்கும் டிரெய்லர். பேருந்து மாதிரியான மோட்டார்ஹோம் சொகுசுதான், மறுக்கவில்லை. ஆனால் கேனோ என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்டுகிறவர்களுக்கு டிரெய்லர்தான் சரி. டிரெய்லரை முகாமில் கழற்றி விட்டுவிட்டால், டிரக்கின் மேல் கேனோவை ஏற்றிக்கொண்டு தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போய்விடலாம். கேனோவைக் கட்டும் பட்டையை இழுத்து இறுக்குவதற்கு முன் ஒரே ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள். தட்டையாக இருக்கும் பட்டை நெடுஞ்சாலைக் காற்றில் மணிக்கணக்கில் ரீங்காரம் போடும். முறுக்கிய பட்டை சத்தம் போடாது. முன் நுனியும் பின் நுனியும் தனிக் கயிற்றால் வண்டியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும்.

சைக்கிள் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். காரின் பின்னால் மாட்டும் சாதாரண சைக்கிள் தாங்கியை டிரெய்லரின் பின்னால் மாட்டாதீர்கள். டிரெய்லரின் வால்பகுதி சாலையில் குதிக்கும் குதிப்பு காரில் கிடையாது. ஆர்விக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கும் தாங்கி வேண்டும், அல்லது சைக்கிள்கள் டிரக்கின் தொட்டிக்குள் போக வேண்டும். எங்களுடையவை டிரக்குக்குள்தான் பயணம் செய்கின்றன.

கனடாவில் எங்கள் மிசிசாகாவிலிருந்து வின்ட்சர், அங்கே எல்லையைத் தாண்டி டெட்ராய்ட், அப்புறம் ஐ-75 நெடுஞ்சாலை. ஒகாயோ, கென்டக்கி, டென்னசி, ஜார்ஜியா என்று இறங்கிக்கொண்டே போனால் எவர்கிளேட்ஸ் வரை 2,500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். முதல் பாதி முழுக்க உறைபனி. ஆகவே டிரெய்லரின் குழாய்களில் தண்ணீர் இருக்கக் கூடாது. இலையுதிர்காலத்தில் குழாய்களுக்குள் ஏற்றிய இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தை அப்படியே விட்டுவைத்துத்தான் கிளம்புவோம். குடிக்கவும் சமைக்கவும் கேனில் தண்ணீர், கைகால் கழுவ ஒரு வாளி. சாலையோர ஓய்விடங்களின் கழிவறையே போதும்.

ஜார்ஜியாவின் தெற்கே, இரவில் உறையாது என்று வானிலை சொன்ன பிறகுதான் குழாய்களைத் திறப்போம். அது ஒரு தனி வேலை. முகாமின் குழாயை மாட்டி, ஒவ்வொரு திருகாகத் திறந்தால் முதலில் காற்று செருமும், பிறகு இளஞ்சிவப்பாக வரும், நுரைக்கும், வெளிறும், கடைசியில் தெளியும். சமையலறை, குளியலறை, வெந்நீர்ப் பக்கம், குளிர்நீர்ப் பக்கம், ஷவர், கழிவறை என்று ஒன்றையும் விடக் கூடாது. தெளிந்த பிறகு தொட்டியைச் சுத்தம் செய்ய, ஒவ்வொரு 15 கேலன் கொள்ளளவுக்கும் கால் கப் கணக்கில் வாசனை சேர்க்காத வீட்டு ப்ளீச்சைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, எல்லாத் திருகுகளிலும் குளோரின் வாசனை வரும்வரை ஓடவிட்டு, சில மணி நேரம் நிறுத்தி வைத்து, வாசனை போகும்வரை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். வெந்நீர் ஹீட்டரை அணைத்து, தண்ணீர் அதற்குள் போகாமல் கடந்துபோகும் வால்வைத் திறந்து வைத்திருந்தால், அதைத் திருப்பி, ஹீட்டரின் தொட்டியில் தண்ணீர் நிறைந்த பிறகே ஹீட்டரைப் போடுங்கள். காலியான ஹீட்டருக்கு மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் சூடேற்றும் தண்டு எரிந்துவிடும்.

எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் கேனோவுக்கு ஏற்ற பருவம் எது என்று கேட்டால் இரண்டு பதில் உண்டு. தண்ணீர் நிறைய இருப்பது மழைக்காலத்தில், மே முதல் அக்டோபர், நவம்பர் வரை. மனிதர் தாங்குவது வறண்ட பருவத்தில். கோடைக் கொசுவை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஆகவே இரண்டும் கைகோக்கும் டிசம்பர், ஜனவரிதான் என் தேர்வு. மார்ச் ஆனால் சில பாதைகளில் புல்லின் மேல் கேனோவைத் தள்ளிக்கொண்டு போகும்படி ஆகிவிடும்.

ஹோம்ஸ்டெட் ஊர்ப்பக்க நுழைவாயிலிலிருந்து பூங்காச் சாலை சுமார் 60 கிலோமீட்டர் ஓடி, கடலோரம் ஃப்ளமிங்கோவில் முடிகிறது. நுழைவாயிலுக்கு அருகே பைன் மரங்களுக்கு நடுவில் லாங் பைன் கீ முகாம். அங்கே மின் இணைப்பு கிடையாது. சூரியத் தகடு வைத்திருப்பவர்களுக்குச் சொர்க்கம். முகாமிலிருந்தே பைன் காட்டுக்குள் போகும் பாதையில் சைக்கிள் ஓட்டலாம். ஃப்ளமிங்கோ முகாமில் சில இடங்களுக்கு மின்சாரம் உண்டு, கடல் காற்றும் உண்டு, கண்ணுக்கே தெரியாத கடிப்பூச்சியும் உண்டு. சாதாரணக் கொசுவலைக்குள் அது நுழைந்துவிடும். காற்று அடங்கும் சாயங்காலத்தில் வெளியே உட்கார வேண்டுமென்றால் மிக நெருக்கமாகப் பின்னிய வலையும் நீளக் கையும் வேண்டும்.

இரண்டு முகாமுக்கும் இடையில் இருக்கிறது நைன் மைல் பாண்ட். என்னிடம் ஒரே ஒரு கேனோ பாதைதான் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். எண் போட்ட வெள்ளைக் கழிகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே போய், நான்கைந்து மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்துவிடலாம். முதலில் திறந்த குளம், அப்புறம் வாள்புல் வெளி, அப்புறம் அலையாத்தி மரங்கள் மேலே கைகோத்து நிற்கும் குறுகலான வாய்க்கால்கள். அங்கே நீளத் துடுப்பு இடிக்கும். கிளையைக் கையால் பிடித்துத்தான் கேனோவைத் திருப்ப வேண்டும்.

அந்த வருடம் சிதம்பரத்திலிருந்து அத்தை வந்திருந்தார். கேனோவின் நடுவில், தரையோடு தரையாக ஒரு மடக்கு நாற்காலியில் அவரை உட்கார வைத்தோம். முன்னால் என் மனைவி, பின்னால் நான். எடை தாழ்வாக நடுவில் இருந்தால் கேனோ ஆடாது. முதல்முறை ஏறுகிறவர்களை உயரமான பலகையில் உட்கார வைப்பதால்தான் பாதிப் பயம் வருகிறது. குளத்தின் ஓரத்தில் பழுப்பாக ஏதோ கிடந்தது.

"மாப்பிள்ளை, அது கட்டைதானே?" என்றார் மெதுவாக.

"முதலைதான் அத்தை. பயப்படாதீங்க, வெயில் காயுது. நாம இந்தப் பக்கமாப் போயிடலாம்."

"நான் எங்கே பயந்தேன்? நீங்க துடுப்பைப் பாத்துப் போடுங்க."

வாய்க்காலுக்குள் நுழைந்ததும் அவரே, "நம்ம பிச்சாவரம் மாதிரியே இருக்கு" என்றார். வேர்கள் வில்லாக வளைந்து தண்ணீரில் ஊன்றி நிற்பதைப் பார்த்தால் சிதம்பரத்துக்காரர் வேறு என்ன சொல்வார்? இரண்டு இடத்திலும் இருப்பவை ஒரே பேரினத்து மரங்கள்தான்.

வாள்புல் வெளியில் தண்ணீரின் மேல் மஞ்சளும் பழுப்புமாக ஏதோ மிதக்கும். அசுத்தம் என்று நினைத்துப் பலர் துடுப்பை விலக்குகிறார்கள். கையை விட்டுத் தொட்டுப் பாருங்கள். ஊறிய பஞ்சு போல இருக்கும், லேசாக அழுத்தினால் தண்ணீர் கசியும். பாசிகளும் நுண்ணுயிர்களும் சேர்ந்து பின்னிய படலம் அது. குளம் வற்றும் மாதங்களில் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். சின்னஞ்சிறு உயிர்கள் அதற்குள் பிழைத்துக் கிடந்து, மழை வந்ததும் வெளியே வருகின்றன. பக்கத்தில் புல்தண்டில் வெளிறிய முத்துகளாக ஒரு கொத்து ஒட்டியிருந்தால் அது ஆப்பிள் நத்தையின் முட்டை. அந்த நத்தையை நம்பித்தான் நத்தைப் பருந்து என்ற பறவையே இங்கே வாழ்கிறது. வேகமாகத் துடுப்புப் போடுகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

முதலை பற்றி எல்லோரும் கேட்பதால் சொல்லிவிடுகிறேன். இதுவரை முதலை என்று சொன்னது அலிகேட்டர் என்ற வகையை. அது குளிர் ரத்தப் பிராணி. காற்று 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது இரை தேடுவதையே நிறுத்திவிடும். 13 டிகிரிக்குக் கீழே மந்தமாகிக் கிடக்கும். குளிர்காலத்தில் கரையில் அசையாமல் கிடப்பது வெயிலுக்காகத்தான். ஆனாலும் 15 அடி தூரம் விட வேண்டும் என்பது பூங்காவின் விதி. உணவு போடுவது மாநிலச் சட்டப்படியே குற்றம். மனிதனைச் சோற்றோடு சேர்த்துப் பார்க்கப் பழகிய முதலைதான் ஆபத்தானது. ஃப்ளமிங்கோ படகுத்துறையில் அலிகேட்டரோடு அமெரிக்க முதலையையும் பார்க்கலாம். அதற்கு மூக்கு கூராக இருக்கும், நிறம் சாம்பல். இரண்டும் சேர்ந்து இயற்கையில் வாழ்வது தெற்கு ஃப்ளோரிடாவில் மட்டும்தான்.

ஃப்ளமிங்கோவில் கொக்குகள் கூட்டமாக இறங்கும்போது நான் கய் பிராட்லியை நினைத்துக்கொள்வேன். பெண்களின் தொப்பிக்கு இறகு வேண்டும் என்று கொக்குகளைக் கொன்று குவித்த காலத்தில், அவற்றைக் காக்க நியமிக்கப்பட்ட காவலர் அவர். ஃப்ளமிங்கோவில்தான் வாழ்ந்தார். 1905-இல் வேட்டைக்காரர் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். அந்த வெள்ளைக் கூட்டத்தைச் சும்மா அழகு என்று பார்த்துவிட்டு வர என்னால் முடியவில்லை.

அலிகேட்டரைவிடக் காற்றைத்தான் மதிக்க வேண்டும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்முனை, அதாவது குளிர்ந்த காற்றுத் திரள் ஒன்று, வருவதற்கு முன் தென்காற்று பலமாகும். அது கடந்ததும் காற்று வடமேற்குக்கும் வடக்குக்கும் திரும்பி ஓங்கி அடிக்கும். ஃப்ளோரிடா விரிகுடா பல இடங்களில் ஒரு மீட்டர் ஆழம்கூட இல்லாதது. வடக்குக் காற்று ஓங்கினால் கரையோரத் தண்ணீரையே அது தள்ளிக்கொண்டு போய்விடும், கேனோ சேற்றில் உட்கார்ந்துவிடும். அந்த நாட்களில் நாங்கள் விரிகுடாவில் இறங்குவதே இல்லை. மரங்கள் மறைக்கும் உள்நாட்டுப் பாதைகளுக்குப் போவோம், அல்லது சைக்கிளை எடுப்போம். எங்கே போனாலும் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அது முதுகில் இருக்கட்டும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் ஒரு விசிலும் கேனோவில் இருக்க வேண்டும் என்பது ஃப்ளோரிடா சட்டம். 6 வயதுக்கு உட்பட்ட குழந்தை ஜாக்கெட்டைப் போட்டே இருக்க வேண்டும்.

சைக்கிளுக்கு ஷார்க் வேலி. அது பூங்காவின் வடக்குப் பக்கம், டமியாமி டிரெயில் சாலையில் இருக்கிறது. லாங் பைன் கீயிலிருந்து டிரக்கில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர் தார்ப்பாதை. பாதித் தூரத்தில் ஏறிப் பார்க்க ஒரு கோபுரம். பாதை தட்டையானது, ஆனால் மருந்துக்கும் நிழல் இல்லை. திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். தாமதித்தால் வாகனம் நிறுத்த இடம் கிடைக்காது, வெயிலும் ஏறிவிடும். முதலைகள் பாதையின் ஓரத்தில், சில சமயம் பாதையிலேயே கிடக்கும். இறங்கி, சைக்கிளை நமக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு, சுற்றி நடந்து போவோம். வழி விடவில்லை என்றால் காத்திருப்போம்.

பூங்காவில் இன்னும் இரண்டு ஆட்கள் மேல் கண் வைக்க வேண்டும். கருங்கழுகுகள் வண்டியின் ரப்பரைக் கொத்திப் பிய்க்கும். வைப்பர், ஜன்னல் பட்டி, கதவுப் பட்டி எல்லாம் அவற்றுக்கு விளையாட்டு. ராயல் பாம் பகுதியில் இதற்காகவே தார்ப்பாயும் கட்டும் கயிறும் கொடுப்பார்கள், வாங்கி மூடிவிடுங்கள். அப்புறம் ராக்கூன். மெல்லிய பிளாஸ்டிக் கேனைக் கடித்துத் தண்ணீரையே திருடிவிடும். தண்ணீரும் சாப்பாடும் கெட்டியான பாத்திரத்தில் இருக்கட்டும்.

எவர்கிளேட்ஸ் முடிந்ததும் வடக்கே ஏறி வித்லகூச்சி. இது பிரபலமான சுற்றுலா இடம் அல்ல, ஆனால் துடுப்பும் சைக்கிளும் இப்படிப் பொருந்தும் வேறு இடத்தை நான் பார்த்ததில்லை. வித்லகூச்சி ஆறு இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. அதன் பக்கத்திலேயே, பழைய ரயில் தடத்தில் போட்ட வித்லகூச்சி ஸ்டேட் டிரெயில் என்ற சைக்கிள் பாதை 46 மைல், ஏறக்குறைய 74 கிலோமீட்டர் ஓடுகிறது. ரயில் தடம் என்பதால் ஏற்றம் என்பதே தெரியாது. ஆற்றங்கரையில் சில்வர் லேக் முகாம், மாநில வனத்துக்குச் சொந்தமானது, மின் இணைப்பு உண்டு. ஐ-75 பாலம் பக்கத்திலேயே இருப்பதால் இரவில் லாரிச் சத்தம் கேட்கும். தூக்கம் லேசானவர்கள் பாலத்துக்குத் தள்ளியிருக்கும் இடமாகக் கேளுங்கள்.

ஆற்றில் போகிற எல்லோருக்கும் உள்ள தொல்லை, இறங்கிய இடத்துக்கு எப்படித் திரும்புவது என்பது. இன்னொரு வண்டி வேண்டும், அல்லது காசு கொடுத்து ஏற்றிவிடச் சொல்ல வேண்டும். இங்கே இரண்டும் தேவையில்லை. காலையில் டிரக்கை ஆற்றின் கீழ்ப்போக்கில் நோபிள்டன் ஊரின் ஆற்றோரப் பூங்காவில் நிறுத்திவிடுவேன். டிரக்கில் கொண்டுபோன சைக்கிளை எடுத்து, டிரெயில் வழியாக முகாமுக்குத் திரும்புவேன். அதற்குள் மனைவி சாப்பாட்டைக் கட்டிக் கேனோவைக் கரைக்குக் கொண்டுவந்திருப்பாள். சைக்கிள் டிரெய்லரில் பூட்டுக்குள் போகும். பிறகு ஆற்றோடு நிதானமாக இறங்கினால், முடியும் இடத்தில் டிரக் நிற்கிறது. முதலில் துடுப்பு, கடைசியில் சைக்கிள் என்று மாற்றிச் செய்யவே செய்யாதீர்கள். களைத்த கையோடு, இருட்டும் நேரத்தில், பசியோடு சைக்கிள் மிதிக்க யாருக்கும் மனம் வராது. டிரக் சாவி இடுப்பில், நீர் புகாத பையில், கிளிப் போட்டு.

கிளம்புவதற்கு முன் அமெரிக்க நிலவியல் அளவைத் துறை குரூம் என்ற இடத்தில் வைத்திருக்கும் நீர்மட்டமானியை இணையத்தில் பார்ப்பேன். மழையில்லாத குளிர்காலத்தில் மட்டம் இறங்கினால் மணல்திட்டிலும் விழுந்த மரங்களிலும் கேனோவை இழுக்க நேரும். அந்த வாரம் முழுக்க டிரெயிலில்தான்.

அங்கிருந்து ஒரு பகல் பயணமாக ஒகாலா தேசியக் காட்டில் ஜூனிபர் ஸ்பிரிங்ஸ் போகலாம். ஊற்றுத் தண்ணீர் வருடம் முழுக்க 22 டிகிரி, தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு. 7 மைல் ஓடை, குறுகல், திருப்பம் அதிகம். கேனோ நன்றாகப் பழகிய பிறகு போங்கள். தூக்கி எறியும் பொட்டலம், டின் எதுவும் ஓடைக்குள் கொண்டுபோகக் கூடாது. எங்கள் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எவர்சில்வர் டப்பாவில் போவதால் சோதனை செய்பவர் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

வெப்பமான ஊர் என்று நம்பிக் கம்பளியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். குளிர்முனை வந்தால் நடு ஃப்ளோரிடாவில் இரவில் உறைநிலைக்கும் போகும். தண்ணீர்க் குழாயைக் கழற்றி, தொட்டித் தண்ணீரில் ஓட்டுவோம். தெற்கே மயாமியில் 2020 ஜனவரியில் மரத்திலிருந்து இகுவானாக்கள் விறைத்து விழக்கூடும் என்று வானிலைத் துறையே எச்சரித்தது. அந்த இரவுகளில் டிரெய்லரின் மின்கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட், அவ்வளவுதான். 1,500 வாட் ஹீட்டர் ஓடும்போது மைக்ரோவேவும் வெந்நீர் ஹீட்டரும் சேர்ந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். நாங்கள் வெந்நீரைக் கேஸுக்கு மாற்றிவிடுவோம், குக்கரும் கேஸில்தான். சமைக்கும்போது மேல் ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் காலையில் சுவரெல்லாம் வியர்த்திருக்கும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் காலாவதித் தேதியைக் கிளம்பும் முன் பாருங்கள்.

இடம் பிடிப்பதுதான் கஷ்டம். ஃப்ளோரிடா மாநிலப் பூங்காக்களில் அந்த மாநிலத்துக்காரர்கள் 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம், வெளியூர்க்காரர்களுக்கு 10 மாதம். இந்த விதி 2024 முதல். ஜனவரிக்கு மார்ச்சிலேயே உட்கார வேண்டும் என்று அர்த்தம். கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள். வயதானவர்கள் நிறைய முன்பதிவு செய்துவிட்டு மருத்துவர் சொன்னார் என்று கடைசி நேரத்தில் ரத்து செய்வார்கள், வார நாட்களில் இடம் திறக்கும்.

திரும்பும்போது என்னென்ன கொண்டுவரக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஹோம்ஸ்டெட் பக்கம் பழத்தோட்டங்கள் ஏராளம். சப்போட்டா, பலா, மாமே எல்லாம் அங்கேயே சாப்பிட்டுத் தீருங்கள். நம்மவர்களுக்குக் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும், வாங்காதீர்கள். ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்பும் சிறு பூச்சிக்குக் கறிவேப்பிலையும் ஒரு வீடு. அந்த நோய் ஃப்ளோரிடாவில் 2005-இல் கண்டுபிடிக்கப்பட்டது. வழியெங்கும் பட்டுப்போன தோட்டங்களைப் பார்த்துக்கொண்டுதான் நாங்கள் வருகிறோம். போகும்போதும் அப்படியே: கனடாவிலிருந்து பச்சைக் கறிவேப்பிலையை எல்லையில் அனுமதிக்க மாட்டார்கள். விறகும் ஊர் தாண்டக் கூடாது, உள்ளே மரத்தைத் துளைக்கும் வண்டு இருக்கலாம். எரிக்கும் இடத்திலேயே வாங்குங்கள். கேனோவைக் கவிழ்த்து, ஒட்டியிருக்கும் நீர்க்களையைக் கையால் எடுத்து, கழுவி, வெயிலில் முழுதாகக் காயவைத்த பிறகே டிரக்கில் ஏற்றுங்கள். ஜார்ஜியாவைத் தாண்டும் முன் குழாய்களில் மறுபடி இளஞ்சிவப்புத் திரவம் ஏற வேண்டும். இரண்டு கேலன் கேன் போதும், புறப்படும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். ஃப்ளோரிடாக் கடைகளில் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.